பிப் அசெஸ்மென்ட்டும் கதைக்கச் சிரமப்படுகிறவர்களும்: படிவத்தில் இருந்து தீர்ப்பாயம் வரை

என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது வயது 61. கை கால் ஓரளவு திரும்பி வந்துவிட்டது, சொற்கள்தான் திரும்பவில்லை. குளிசை என்று சொல்ல வாயெடுத்தால் கோப்பை என்று வரும், பிழை என்று தனக்கே தெரியும், தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொடங்குவார், மூன்றாம் தரம் "விடு பிள்ளை" என்று கையை வீசிவிடுவார்.

பிப் (Personal Independence Payment) என்பது நோயாலோ குறைபாட்டாலோ அன்றாட வாழ்வில் சிரமப்படுகிறவர்களுக்குப் பிரித்தானிய அரசு கொடுக்கும் உதவித்தொகை. அதற்கான அசெஸ்மென்ட், அதாவது மதிப்பீடு, அப்பாவுக்குத் தொலைபேசியில் நடந்தது, பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தது நான். காலையில் மருந்து எடுத்துத் தருவது யார் என்று அசெஸர் கேட்டார். அப்பா "அது… அந்த… அவ… விடியத்தான்… கோப்பை… இல்ல… மற்றது…" என்று ஒரு நிமிடத்துக்கு மேல் தடுமாறினார். நான் அதை ஆங்கிலத்தில் ஒரே வரியாக்கிச் சொன்னேன்: காலையில் அம்மா எடுத்துக் கொடுப்பார். நல்ல சுத்தமான வசனம்! பிறகு வந்த ரிப்போர்ட்டில், கேள்விகளுக்குப் பொருத்தமாகப் பதில் சொன்னார், பேச்சில் தடை எதுவும் இல்லை என்ற மாதிரி எழுதியிருந்தது. கதைப்பதற்கான பகுதியில் சைபர் புள்ளி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, ஆனால் ஆறி யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் ஒரு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது என் குரலைத்தான்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலருக்குப் படிவம் நிரப்பக் கூட இருந்திருக்கிறேன். காது கேளாதவர்கள், திக்குகிறவர்கள், பாரிசவாதத்தில் சொல் போனவர்கள், ஓட்டிசம் உள்ள பிள்ளைகள். திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: வீட்டில் உதவி செய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரரோ, அவ்வளவுக்கு அந்தச் சிரமம் அசெஸர் கண்ணில் படாமல் போகிறது.

இது இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கான வழிகாட்டி. ஸ்கொட்லாந்தில் 2022இல் இருந்து பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட் என்ற வேறொன்று வந்துவிட்டது, அங்கே நடைமுறையும் வேறு. பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க 16 வயதில் இருந்து அரச பென்ஷன் வயதுக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டியவர்கள் பார்க்க வேண்டியது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற வேறொரு உதவித்தொகை.

ஆங்கிலம் தெரியாதது வேறு, கதைக்க ஏலாதது வேறு

நம்மவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. "அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, யாரோடும் கதைக்க ஏலாது" என்று படிவத்தில் எழுதுகிறார்கள். அதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. பிப் விதிகளில் வாய்மொழித் தகவல் என்றாலே அவரவர் தாய்மொழியில் சொல்லப்படும் தகவல் என்றுதான் வரையறை இருக்கிறது. வாசிப்புக்கும் அப்படித்தான். ஆகவே உங்கள் அம்மாவுக்குத் தமிழில் கதைப்பதிலும் விளங்கிக்கொள்வதிலும் சிரமம் இருக்கிறதா, அந்தச் சிரமம் நோயாலோ உடல், மனக் குறைபாட்டாலோ வந்ததா என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடம் போகாததால் வாசிக்கத் தெரியாது என்றாலும் புள்ளி இல்லை.

ஆனால் இதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் வரும். "உங்களுக்கு ஆங்கிலம் தெரியாததால்தான் சிரமம்" என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கழித்துவிட்டால், தமிழிலேயே இவருக்கு இது முடியவில்லை என்று காட்ட உங்களுக்கு இடம் இருக்கிறது. அதனால் படிவத்தில் ஒவ்வொரு உதாரணத்துக்கும் பக்கத்தில் "தமிழில்" என்ற சொல்லைப் போட்டுவிடுங்கள். தமிழில் சொன்னபோதும் விளங்கவில்லை. தமிழில் பதில் சொல்லவும் சொல் வரவில்லை.

புள்ளி எங்கே இருக்கிறது

பிப்பில் மொத்தம் 12 செயல்கள். அதில் 10 அன்றாட வாழ்வுக்கு, 2 நடமாட்டத்துக்கு. ஒவ்வொரு பகுதியிலும் 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை. 2025-26இல் அன்றாட வாழ்வுப் பகுதிக்கு வாரம் 73.90 பவுண், கூடியது 110.40 பவுண். ஒரு செயலுக்குள் பொருந்துவதில் அதிகமான ஒன்றைத்தான் எடுப்பார்கள், பிறகு பத்துச் செயல்களையும் கூட்டுவார்கள்.

கதைப்பதில் சிரமம் உள்ளவர்கள் 7, 8, 9 என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழாவது, வாய்மொழியாகச் சொல்வதும் விளங்கிக்கொள்வதும். எட்டாவது, வாசித்து விளங்கிக்கொள்வது. ஒன்பதாவது, முகம் பார்த்து மற்றவர்களோடு பழகுவது. ஓட்டிசம், கடும் பதற்றம், போரின் பின் வந்த மனப் பாதிப்பு உள்ளவர்களுக்கு பல நேரம் புள்ளி இருப்பது இந்த ஒன்பதாவதில்தான், ஏழாவதோடு மல்லுக்கட்டிக் களைத்துவிட்டு இதைச் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

ஏழாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேட்கவோ பேசவோ ஒரு கருவி தேவை என்றால், உதாரணமாகக் காதுக் கருவி, 2 புள்ளி. சிக்கலான தகவலைச் சொல்லவோ விளங்கவோ ஆள் உதவி தேவை என்றால் 4. அடிப்படைத் தகவலுக்கே ஆள் உதவி தேவை என்றால் 8. உதவி இருந்தாலும் ஒன்றும் முடியாது என்றால் 12. அடிப்படை என்பது ஒரே ஒரு எளிய வசனம். சிக்கலானது என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட வசனங்கள், அல்லது சிக்கலான ஒரு வசனம். பெரிய தத்துவம் ஒன்றும் கதைக்க வேண்டியதில்லை!

வீட்டில் சோதித்துப் பாருங்கள். "கதவைச் சாத்துங்கோ" என்பது அடிப்படை. "நாளைக்குக் காலையில ரத்தம் குடுக்கப் போகவேணும், சாப்பிடாமல் வாங்கோ, ஆனால் பிரஷர் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு வாங்கோ" என்பது சிக்கலானது. அப்பாவுக்கு முதலாவது விளங்கும். இரண்டாவதைச் சொன்னால் "சாப்பாடு" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவார். இந்த ஒரு உதாரணம் பத்து வரி விளக்கத்தை விடப் பெறுமதி.

இங்கே "ஆள் உதவி" என்றால் சான்றிதழ் வாங்கிய மொழிபெயர்ப்பாளர்தான் என்று இல்லை. அந்த மனிதரோடு கதைத்துப் பழகிய அனுபவம் உள்ளவர் என்றாலும் போதும், மனைவி, மகள், அண்ணன் யாராக இருந்தாலும். அவருடைய "மற்றது" எது என்று அம்மாவுக்குத் தெரிகிறதே, அது கணக்கில் வரும் உதவி. அம்மா அதைச் சம்பளம் வாங்காமல் செய்கிறார் என்பதற்காக அது உதவி இல்லை என்று ஆகிவிடாது.

படிவம்

விண்ணப்பத்தைத் தொடங்க 0800 917 2222க்குத் தொலைபேசலாம். தொலைபேசியில் கேட்கவோ பேசவோ முடியாதவர்கள் முன்னால் 18001 சேர்த்து ரிலே யூகே மூலம் எழுத்தில் கதைக்கலாம், பிரித்தானியச் சைகை மொழி தெரிந்தவர்களுக்கு வீடியோ வழியும் உண்டு. பிள்ளைகள் அழைப்பதென்றால் விண்ணப்பதாரர் பக்கத்தில் இருந்து சம்மதம் சொல்லும்படி இருக்கும். தன் அலுவல்களைத் தானே பார்க்கவே முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், அவர் சார்பில் எல்லாம் செய்ய உங்களை அப்பொயின்ட்டீயாக நியமிக்கும்படி, பிப்பை நடத்தும் அரச திணைக்களமான டிடபிள்யூபியைக் கேட்கலாம். அது வேறொரு நடைமுறை, கொஞ்சம் நாள் பிடிக்கும், ஆகவே முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் அழைப்பிலேயே சொல்ல வேண்டிய இன்னொன்று: இவருக்குக் கதைப்பதில் சிரமம், இன்ன விதமாகத்தான் தொடர்புகொள்ள வேண்டும். அதைக் கணினியில் குறிக்கச் சொல்லுங்கள், குறித்தீர்களா என்று திரும்பவும் கேளுங்கள். 2010 சமத்துவச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி நியாயமான மாற்றங்கள் செய்வது அவர்கள் கடமை, ஆகவே சலுகை கேட்பது போல் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிறகு பிப்2 என்ற கேள்விப் படிவம் வரும். திருப்பி அனுப்ப ஒரு மாதம். போதாது என்றால் நாள் முடியுமுன் அழைத்துக் கேளுங்கள், சும்மா பிந்தி அனுப்பாதீர்கள்.

படிவத்தில் எழுதும்போது "கதைக்கக் கஷ்டம்" என்று எழுதினால் அது காற்றில் போகும். நாள், நேரம், யார் என்ன சொன்னார்கள், இவர் என்ன செய்தார், பிறகு யார் வந்து சரிக்கட்டினார்கள் என்று எழுதுங்கள். இதற்காக இரண்டு வாரம் ஒரு கொப்பி வையுங்கள். அம்மா எழுதிய கொப்பியில் இருந்து ஒரு துண்டு: "புதன், பின்னேரம் 4 மணி. பார்மசியில் இருந்து போன். இவர் எடுத்து ஓம் ஓம் என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன சொன்னவை என்று கேட்டேன், தெரியாது என்றார். நான் திரும்ப எடுத்தேன். மருந்து மாறியிருக்காம்." இதைத்தான் ஆங்கிலத்தில் அப்படியே போட்டோம்.

இன்னும் ஒரு விதியை மறக்க வேண்டாம். ஒரு செயலைச் செய்ய முடியும் என்று சொல்ல வேண்டுமானால் அதைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க அளவில், தேவையான அளவுக்குத் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். சாதாரண ஆள் எடுக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரம் இல்லை. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இந்த நிலை இருக்க வேண்டும் என்பதும் உண்டு. திக்குகிறவர்களுக்கு இது முக்கியம். கடைசியில் அவர் சொல்லி முடித்துவிடுவார், உண்மைதான், ஆனால் எவ்வளவு நேரம் எடுத்தது? பத்து நிமிடம் கதைத்த பிறகு மிச்ச நாள் வாய் திறக்க முடிந்ததா?

பேச்சுச் சிகிச்சையாளரின் கடிதம், காதுப் பரிசோதனை அறிக்கை, பள்ளிக்கூட அறிக்கை, இவற்றின் பிரதிகளைச் சேருங்கள். ஜிபி, அதாவது குடும்ப வைத்தியர், எழுதும் இரண்டு வரிக் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும்தான் இருக்கும், அது அவ்வளவு உதவாது. பேச்சுச் சிகிச்சையாளர்தான் எத்தனை சொல் வசனம் விளங்கும் என்ற அளவுக்கு எழுதக்கூடியவர். அனுப்பும் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அப்பொயின்ட்மென்ட் வந்த பிறகு

அசெஸ்மென்ட்டை நடத்துவது டிடபிள்யூபி ஒப்பந்தம் கொடுத்த தனியார் நிறுவனங்கள். அசெஸர் தாதியாகவோ பிசியோவோ பராமெடிக்காகவோ இருக்கலாம், பேச்சுக் குறைபாடு பற்றி ஆழமாகத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தொலைபேசி, வீடியோ, நேரில், சில வேளை ஆவணங்களை மட்டும் வைத்து என்று பல விதமாக நடக்கும். காது கேளாதவருக்கோ சொல் தேடுகிறவருக்கோ தொலைபேசி வேண்டவே வேண்டாம் என்பது என் எண்ணம். ஒன்று, அவர் எப்படியோ சமாளித்தால் தொலைபேசியில் நன்றாகக் கேட்டது என்று எழுதப்படும். இரண்டு, முகம் சுருங்குவது, கையால் காட்டுவது, மகளைத் திரும்பிப் பார்ப்பது எதுவும் தொலைபேசியில் தெரியாது. கடிதம் வந்த உடனே அழைத்து நேரிலோ வீடியோவிலோ வேண்டும், காரணம் இன்னது என்று சொல்லுங்கள். அந்த அழைப்பிலேயே உரையாடலை ஒலிப்பதிவு செய்யும்படியும் கேளுங்கள், முன்கூட்டியே கேட்டால்தான் ஏற்பாடு செய்வார்கள். பின்னால் பிரச்சினை வந்தால் அந்தப் பதிவு தங்கம்.

மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்து தருவார்கள். ஆனால் "தமிழ்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். இலங்கைத் தமிழ் என்றால் இலங்கைத் தமிழ் என்றே கேளுங்கள். இது பிரிவினை ஒன்றும் இல்லை, சொல் பிரச்சினை. "எனக்குக் கன நாளா வருத்தம்" என்று யாழ்ப்பாணத்து அம்மா சொன்னால் நீண்ட நாளாக நோய் என்று பொருள். சென்னையில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளர் காதில் அது நீண்ட நாளாகக் கவலை என்று விழலாம். "கால் விறைக்குது" என்றால் நமக்கு மரத்துப்போவது. "முட்டு" என்றால் ஆஸ்துமா. "சரியான நோ" என்றால் கடுமையான வலி. இதே சிக்கல் மறுபக்கமும் உண்டு, மதுரைக்காரருக்கு யாழ்ப்பாணத்தவர் மொழிபெயர்க்க வந்தாலும் சில இடம் தட்டும்.

பிறவியிலேயே காது கேளாமல் ஊரில் வளர்ந்து பெரியவராக இங்கே வந்தவர்கள் விஷயம் தனி. அவர்களில் பலருக்குப் பிரித்தானியச் சைகை மொழி தெரியாது, வீட்டுக்குள் உருவான சைகைதான். அதிகாரபூர்வச் சைகை மொழிபெயர்ப்பாளர் வந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததை நான் கண்டிருக்கிறேன். படிவத்திலேயே தெளிவாக எழுதுங்கள்: இவருடைய சைகை விளங்குவது இன்ன இன்ன குடும்பத்தவருக்கு மட்டும். அது ஏழாவது செயலுக்கான ஆதாரமும்கூட.

அந்த நாளில்

கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், அவர் இடையில் கதைக்கவும் உரிமை உண்டு. ஆனால் எப்படிக் கதைப்பது என்பதில்தான் நான் பிழை விட்டேன், ஆகவே கவனமாகக் கேளுங்கள். மொழிபெயர்ப்பது ஒரு வேலை, உதவி செய்வது இன்னொரு வேலை, இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கட்டும், நீங்கள் உதவியாளராக மட்டும் போங்கள். தொடக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளரிடம், "இவர் அரைகுறையாகச் சொன்னால் அரைகுறையாகவே சொல்லுங்கோ, பிழையான சொல் வந்தால் பிழையான சொல்லையே சொல்லுங்கோ, வசனமாக்க வேண்டாம்" என்று கேளுங்கள். அசெஸருக்கும் அதைச் சொல்லுங்கள்.

வேறு வழியில்லாமல் நீங்களே மொழிபெயர்த்தால், முதலில் அப்பா சொன்னதை அப்படியே சொல்லுங்கள்: அது, அந்த, கோப்பை, இல்லை. பிறகு தனியாக, "இதில் இருந்து நான் ஊகிப்பது இது, எனக்கு விளங்குவதற்குக் காரணம் நான் அவரோடு இருப்பது" என்று சேருங்கள். அவர் சொல் தேடும்போது வாயை மூடிக்கொண்டு இருங்கள். அது லேசில்லை. பெற்ற தகப்பன் அந்நியர் முன்னால் திணறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்தத் திணறல்தான் அங்கே காட்ட வேண்டியது, வீட்டில் எப்போதும் போலத்தான் நடக்கிறது, நடிப்பு ஒன்றும் இல்லை.

"ஓம் ஓம்" பழக்கத்தை முன்னமே கதைத்து வையுங்கள். காது மந்தமான நம் பெரியவர்கள் விளங்காவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "கடவுளே எண்டு நல்லா இருக்கிறன்" என்று வரும். அசெஸர் இரண்டையும் எழுதிக்கொள்வார். பெரியம்மா ஒருவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன்: கேட்கவில்லை என்றால் காதைத் தொடுங்கோ, விளங்கவில்லை என்றால் கையை விரியுங்கோ. அன்று முழுக்கக் காதைத் தொட்டுக்கொண்டே இருந்தார், அசெஸரும் அதைக் குறித்தார்.

அசெஸர் வாசலில் கூப்பிட்டதில் இருந்தே கவனிக்கிறார். பெயரைக் கூப்பிட்டதும் திரும்பினாரா, நீங்கள் தோளில் தட்டினீர்களா என்பதுகூட ரிப்போர்ட்டில் வரலாம். தட்டித்தான் எழுப்பினீர்கள் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். களைத்துவிட்டார் என்றால் இடைவேளை கேளுங்கள். கேள்வி நீளமாக இருந்தால் துண்டு துண்டாகக் கேட்கச் சொல்லுங்கள், அப்படிக் கேட்க வேண்டியிருந்தது என்று எழுதும்படியும் சொல்லுங்கள். வெளியே வந்ததும் பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் குறித்து வையுங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தக் கேள்வியில் தடுமாறினார், யார் பதில் சொன்னது. அடுத்த நாள் பாதி மறந்துவிடும்.

முடிவு பிழையாக வந்தால்

முடிவெடுப்பது அசெஸர் இல்லை, டிடபிள்யூபி அதிகாரி, ஆனால் பெரும்பாலும் ரிப்போர்ட்டைத்தான் பின்பற்றுவார். ஆகவே முதல் வேலை, தொலைபேசியில் அழைத்து அந்த ரிப்போர்ட்டின் பிரதி கேட்பது. அதை உங்கள் குறிப்போடு வரி வரியாக வைத்துப் பாருங்கள். "தெளிவாகப் பேசினார்" என்று இருந்தால், பேசியது யார் என்று எழுதுங்கள்.

முடிவுத் திகதியில் இருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை, அதாவது மேண்டட்டரி ரீகன்சிடரேஷன் கேட்க வேண்டும். இதைத் தாண்டாமல் மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. இங்கே பலருக்கு மாற்றம் வராது, அதில் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மறுபரிசீலனைக் கடிதம் வந்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம், அங்கே விசாரணை வரை போன பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரர் பக்கம்தான் முடிகின்றன. சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களில் கட்டணமில்லாமல் உதவி கிடைக்கும்.

விண்ணப்பத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் எந்த வகைத் தமிழ் என்றும் எழுதுங்கள். காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்காமல் நேரில் விசாரணை கேளுங்கள். நீதிபதி, மருத்துவர், மாற்றுத்திறன் பற்றி அனுபவம் உள்ள ஒருவர் என்று மூன்று பேர் இருப்பார்கள். பெயர்தான் பயமுறுத்தும், உள்ளே போனால் ஒரு மேசையும் தண்ணீர்ப் போத்தலும்.

அப்பாவின் விசாரணையில் வந்த மொழிபெயர்ப்பாளர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு பெண். மருத்துவர் கேட்டது சாதாரணக் கேள்வி, இன்று எதில் வந்தீர்கள்? அப்பா தொடங்கினார்: "அந்த… சிவப்பு… பெரிய… ஓடுறது… இல்ல…" அந்தப் பெண் அதையே ஆங்கிலத்தில் சொன்னார், சிவப்பு, பெரிய, ஓடுகிறது, இல்லை. பிறகு நிறுத்திவிட்டார். அறையில் ஒருவரும் கதைக்கவில்லை. நான் மேசைக்குக் கீழே கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். பஸ் என்ற சொல் வரவே இல்லை. ஏழாவது செயலில் 4 புள்ளி கொடுத்தார்கள், மற்றவற்றோடு சேர்ந்து எட்டைத் தாண்டியது.

கிடைத்த பிறகும் சில வருடத்தில் ரிவியூ படிவம் வரும். "மாற்றம் இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்பாமல், புதிய உதாரணங்களோடு, பழைய முடிவின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். அம்மா அந்தக் கொப்பியை இன்னும் விடவில்லை. கடைசியாக எழுதியிருப்பது: "செவ்வாய். பேரன்ர பேர் வரேல்லை. கையால உயரத்தைக் காட்டினவர்."